சகலையின் எவர்சில்வர் கார்

என் சகலையின் காரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு, "பாவம், ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்" என்று யாராவது என்மேல் இரக்கப்படுவார்கள். தெரியாமல் செய்யவில்லை. எவர்சில்வரைப் பற்றி எங்கள் ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. அதுதான் சங்கடமே.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் தங்கச் சுரங்க ஊரில் நந்திதுர்க் பகுதியில் அவர் வீடு. மைசூர் மைன்ஸ் பக்கத்தில் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு அருகில் குடியிருந்துகொண்டு இருபத்தாறு வருடமாக பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறேன். ஓட்டல் சமையலறைகளுக்கு எவர்சில்வர் மேசையும் தொட்டியும் செய்கிற கம்பெனியில் எனக்கு ஃபினிஷிங் வேலை. மற்றவர்கள் வளைத்து, பற்றவைத்து அனுப்பும் சாமானுக்குத் தேய்த்து மெருகு கொடுப்பவன் நான்.

சகலை ஒரு பழைய காரை வாங்கினார். பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி நான்கு பக்கமும் சதுரமான கார். இன்ஜின் நன்றாக இருந்தது. உடம்பு முழுக்கத் துரு. கதவில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"இத்த எவர்சில்வர்ல போட்டா இன்னா சகல?"

நான் சிரித்தேன். "இன்னாண்ணா, காரா, குக்கரா?"

அவர் சிரிக்கவில்லை. கையால் கூரையைத் தடவிக்கொண்டே, "வளைவு கம்மியா கீது. ஷீட்ட வெட்டி ஒக்கார வெச்சா ஒக்காரும். நீ நல்ல ஷீட்டா பாத்துக் குடு. மெருகும் நீதான் போடணும். எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார்.

பார்த்துக் கொடுத்தேன். பெங்களூரில் தகடு விற்கும் தெருவில் சட்டைப்பையில் காந்தத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, காந்தம் ஒட்டாத நல்ல ரகமாகப் பொறுக்கினேன். அவர் வெட்டி உட்கார வைத்தார். மட்கார்டு நான்கும் வளைவு என்பதால் அவற்றுக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட். மற்றபடி பானெட், கதவுகள், டிக்கி, கூரை எல்லாம் எவர்சில்வர். நாலு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய் மெருகு போட்டேன்.

எவர்சில்வரில் இரண்டு விதப் பளபளப்பு உண்டு. வீட்டுத் தம்ளர் மாதிரி முகம் தெரிவது ஒன்று. இன்னொன்றில் முகம் தெரியாது. தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும், வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் கம்பெனியில் அதற்கு லைன் என்று பெயர். லைன் போடுகிறவன் நடுவில் கையை நிறுத்தக் கூடாது, திருப்பித் தேய்க்கக் கூடாது. இந்தக் காரில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும், கதவு மாறினாலும் லைன் மாறாத மாதிரி இழுத்திருக்கிறேன். முன்கதவில் தொடங்கும் கோடு பின்கதவில் போய்த் தொடர்வது போலத் தெரியும். நின்று பார்த்தவன் கண் தானாக முன்னாலிருந்து பின்னால் போகும். அந்த அழகு முழுக்க என் தோள்பட்டையில் இருந்து வந்தது.

ஊர் யாரைப் பாராட்டியது? அவரைத்தான்.

ஒரே மாதத்தில் எல்லார் வாயிலும் எவர்சில்வர் கார். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் வேண்டும். பெங்களூர்ப் பிள்ளைகள் வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ரயிலில் எதிரே உட்காருகிற, எங்கள் ஊரின் கோரமண்டல் பகுதிக்காரர் ஒருவர், "உங்க சகலைக்கு இன்னா மூளைங்க!" என்பார். பங்காருப்பேட்டையில் ஏறும் கன்னடக்காரர் கைப்பேசியில் அந்தக் காரின் படத்தை என்னிடமே காட்டி, "உங்க ஊர் காடியாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். லைன் நான் போட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள், சொல்லாவிட்டால் எரிகிறது. மென்று விழுங்கிக்கொண்டு பெங்களூர் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்தவன் வாழ்ந்தால் தான் பட்டினி கிடப்பவன் ஒருவன் ஒவ்வொரு ஊரிலும் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அது நான்தான் என்பதை அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். நந்திதுர்க் வழியாகப் போனால் எனக்கு வழி குறைச்சல், ஆனாலும் சுற்றிப்போனேன். அந்தக் காரில் என்னென்ன குறை என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஏசி இல்லை. பின்கண்ணாடி பாதிதான் இறங்கும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். குறை கண்டுபிடித்த நாளில் இட்லி கூட ஒன்று அதிகமாக இறங்கியது.

எல்லாவற்றையும்விட மோசம் என் மகள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளிலேயே சொல்லிவிட்டாள். "அப்பா, என் பொண்ணழைப்புக்குப் பெரியப்பா கார்தான். ஃபிக்ஸ்." வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முந்தின மாலை பெண்ணைப் பூப்போட்ட காரில் உட்காரவைத்து, மேளத்தோடு மண்டபத்துக்கு அழைத்துப்போவோம். ஒரு பெண்ணுக்கு அவள் பிறந்த தெரு கடைசியாகச் செய்யும் மரியாதை அது. அதற்குக்கூட அப்பாவிடம் கேட்க ஒன்றுமில்லை, பெரியப்பாவிடம்தான் இருக்கிறது. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு சகலை வீட்டில் சாப்பாடு. காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோர்த்துக் கட்டியிருந்தார்கள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சொல்லுவாங்களே தம்பி" என்றார் அக்கா, அதாவது என் மனைவியின் அக்கா. அவரை நானும் அக்கா என்றே கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். அந்த எலுமிச்சை என்னைத்தான் பார்ப்பது போலிருந்தது.

சாப்பிடும்போதும் கார் பேச்சுதான். எனக்குத் தாங்கவில்லை. என் பெருமையை நானே எடுத்துவிட்டேன்.

"எங்க கம்பெனில ஒரு டேபிள் வெளிய போவணும்னா என் கண்ணு படணும். நான் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போய்ட்டா பாஸ். வாயத் தொறந்தா போச்சு, மறுபடியும் மொதல்லருந்து தேய்க்கணும்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நின்றுவிட்டார். "அப்ப உங்க வாய்க்கு அவ்ளோ மதிப்பா தம்பி!"

"வாய்க்கு இல்ல, மூடின வாய்க்கு" என்றார் சகலை. எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சிரிக்கவில்லை. ஆனாலும் சொன்னது உண்மை. எங்கள் ஃபினிஷிங் பிரிவில் அப்படித்தான் நடக்கிறது. நான் ஒரு சாமானைச் சுற்றிவந்து பேசாமல் நகர்ந்தால் அடுத்த நிமிடம் அதற்குப் பிளாஸ்டிக் சுற்றிவிடுவார்கள்.

காரை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதை நான் சகலைக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும். லைன் போகிற திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது, வட்டமாகப் போகவே கூடாது. பட்டறைக்குள் நிறுத்தக் கூடாது, இரும்பு அறுக்கும் பொறி பட்டால் துரு வரும். முக்கியமாக, இரும்பு எதுவும் அதன்மேல் உரசக் கூடாது. எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். ஆனால் காரைக் கழுவுகிறவர் அவர் இல்லையே. அவர் காலையிலேயே பட்டறைக்குப் போய்விடுவார். கழுவுவது அக்கா. அக்காவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சகலையும் சொல்லியிருக்க மாட்டார்.

மறு வருடம் ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடிக்காற்று சயனைடு மேட்டின் தூளை அள்ளிக்கொண்டுதான் வரும். சுரங்கத்திலிருந்து தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைபோல் குவிந்து கிடக்கிறதே, அதன் தூள். மாவு மாதிரி இருக்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பலகாரம் கொடுத்தனுப்பிய தூக்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மனைவி என்னை அனுப்பினாள். கேட்டருகில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அக்கா காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கையில் இருந்தது கம்பி நார். அடிப்பிடித்த சோற்றுப் பானைக்குப் போடுவோமே, சாம்பல் நிறத்தில் உருண்டையாக, அந்த இரும்பு நார். இடப்பக்கப் பின்கதவில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நார் தேயும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் தகட்டின் கோடுகளுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பளிச்சென்றுகூட இருக்கும். மழைக்காலம் வந்ததும் அந்தத் துணுக்குகள் துருவேறும். துரு துருவை வளர்க்கும். "அக்கா, அது வேணாம்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வாங்க தம்பி. பாருங்க, எப்டி மின்னுது! உங்க அண்ணன் கைபட்டா இரும்புகூட வெள்ளியாய்டுது, இன்னா சொல்றீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் கைபட்டா? அந்தப் பக்கத்து இரண்டு கதவிலும் லைன் இழுத்து முடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. அன்று சாயங்காலம் தோசைக்கரண்டியைக்கூட என்னால் தூக்க முடியவில்லை. அக்கா மறுபடி தேய்க்கத் தொடங்கினார். நான் பக்கத்திலேயே நின்று அந்த வட்டங்களைப் பார்த்தேன். தேயட்டும், நன்றாகத் தேயட்டும் என்று நினைத்தேன். காபி கொடுத்தார், குடித்தேன். தூக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது நேர்வழியாகவே வந்தேன், சுற்றவில்லை. மனசு லேசாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆவணியில் மகளுக்கு வரன் அமைந்தது. கார்த்திகையில் கல்யாணம். அவள் மறுபடியும் பெரியப்பா கார் என்றாள். பெங்களூரிலிருந்து வெள்ளைக் கார் ஒன்று, பெரியதாக, ஏசியோடு ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என் மனைவி பேசினாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாமா நம்ம பொண்ணத் தூக்கி வளத்தவரு. அவரு கார்ல அவ போறதுல உனுக்கு இன்னா கொறைஞ்சுடப் போவுது?" என்று கேட்டாள். பதில் இருந்தது. சொல்லக்கூடியதாக இல்லை.

ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் சகலையும் அக்காவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கார் வைத்திருப்பவர் ஆட்டோவில் வந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சகலை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாப்பா கேட்டுச்சுன்னு தெரியும். ஆனா பொண்ணழைப்புக்கு நம்ம கார் வரவேணாம்மா" என்று என் மகளைப் பார்த்துச் சொன்னார். "தேமல் வந்த மாதிரி உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா துரு. நல்ல காரியத்துக்கு அத்த அனுப்ப எனக்கு மனசு வரல." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் போகவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிறகுதான் குங்குமம் வைக்காத இடத்திலும் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறார். "யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார் அக்கா. நான் தரையைப் பார்த்தேன்.

"எதனால சகல இப்டி ஆச்சு?" என்று சகலை கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பட்டறைப் பொறி பட்டிருக்கும்ணா" என்றேன்.

அவர் யோசித்தார். "நான் பட்டறைக்கு எடுத்துகினே போறதில்லையே... ஒரே ஒரு நாளு போனேன். மழைன்னு உள்ள நிறுத்தினேன். அதான். நீ அவ்ளோ சொல்லியும் நான் கேக்கல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." தன் குற்றம் என்று அவர் ஏற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மனிதர் எதிலும் என்னைவிட ஒரு படி மேலேதான் நிற்பேன் என்கிறார்.

அவர்கள் போனபிறகு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. வெள்ளைக் கார் வரப்போகிறது, நான் ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் ரயிலில் கோரமண்டல்காரர் கேட்டார். "உங்க சகலை கார் துருப்பிடிச்சுடுச்சாமே? ஷீட்டு டூப்ளிகேட்டுன்னு பேசிக்கிறாங்க. நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்களாமே?" இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. எனக்குக் காது சூடானது. "ஆனா உங்க சகலை ஒத்துக்கல" என்று அவரே தொடர்ந்தார். "ஷீட்டக் கொற சொல்லாதீங்க, எடுத்துக் குடுத்ததும் லைன் போட்டதும் என் சகலை, அந்தாளு கை பொய் சொல்லாதுன்னு பெரிய சண்டையே போட்டாருங்க. லைன் நீங்க போட்டதுன்னு எங்ககிட்ட நீங்க சொல்லவேயில்லையே?"

பங்காருப்பேட்டை வந்தது. யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். கன்னடக்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. கம்பெனிக்குப் போய் ஒரு வாரம் லீவு எழுதிக்கொடுத்தேன்.

சகலை வீட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். டீயை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிய மாதிரி பானெட்டிலும் கதவிலும் பழுப்புப் புள்ளிகள். இடப்பக்கப் பின்கதவுதான் ரொம்ப மோசம். என் நேர்க்கோடுகள் இருந்த இடத்தில் வட்டங்கள், வட்டங்களுக்குள் துரு. சகலை பட்டறைக்குப் போயிருந்தார். அக்கா குழாய் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

முதல் வேலை இரும்பை வெளியே எடுப்பது. வெந்நீரில் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, பழைய வேட்டியை அதில் நனைத்து, ஒவ்வொரு பாகத்தின் மேலும் போர்த்தி அரைமணி நேரம் விட்டேன். காய விடாமல் மேலே மேலே ஊற்றினேன். பிறகு புது நைலான் நாரால் லைன் போகிற திசையில் தேய்த்துத் தண்ணீரால் அலசினேன். பழுப்பு கரைந்து ஓடியது. திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சை செய்யாததை எலுமிச்சை உப்பு செய்தது. இதை அக்காவிடம் சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இரண்டாவது வேலை கீறலை எடுப்பது. இதில் அவசரக்காரன் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அது ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியாகத் தெரியும். கதவு முழுவதையும் மறுபடி இழுக்க வேண்டும். ஓரங்களில் டேப் ஒட்டினேன். தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, கதவின் முன் ஓரத்தில் வைத்து, ஒரே அழுத்தமாகப் பின் ஓரம் வரை இழுத்து, கையைத் தூக்கி, மறுபடி முன்னாலிருந்து. திரும்பி வரும்போது தகட்டைத் தொடக் கூடாது. நூறு தடவை, இருநூறு தடவை. பிறகு அதே மாதிரி நைலான் நாரில். முதல் நாள் பானெட், இரண்டாம் நாள் வலப்பக்கம், மூன்றாம் நாள் இடப்பக்கக் கதவுக்கு வந்தேன்.

வட்டங்கள் ஆழமாக இருந்தன. ஒரு தடவை தேய்த்து வருகிற ஆழம் அல்ல. எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. அந்த ஆடி ஞாயிறு ஒரு நாள்தானே என்று நான் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். "இத்த எதுல தேச்சீங்கக்கா?"

"கம்பி நார்லதான் தம்பி." மறைக்க ஒன்றுமில்லாதவர் மாதிரி சொன்னார். "மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, கீறிடுமோன்னு. அன்னிக்கி ஒரு நாளு தேச்சிப் பாத்துகினு இருந்தேன், அப்பதான் நீங்க தூக்கு குடுக்க வந்தீங்க. பக்கத்துலயே நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனீங்க இல்ல? அப்ப பாஸ்னு நெனச்சிகினேன். அதுக்கப்பால தெனமும் அதுலதான் தேச்சேன். குங்குமம் போவலன்னு அழுத்தி வேற தேச்சேன்." குழாயைத் தாழ்த்தி, "அது இல்லியே தம்பி காரணம்? பட்டறைப் பொறின்னீங்களே?" என்றார்.

கட்டை கையிலேயே இருந்தது. கதவின் நடுவில் என் கை நின்றுவிட்டது. லைன் போடும்போது நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். விழுந்தது.

ஒரு நாள் தேய்த்திருந்தால் ஒரு கதவோடு போயிருக்கும். என் மூடிய வாயை நம்பி இந்தப் பெண் மூன்று மாதம் தேய்த்திருக்கிறார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தினமும் அக்கறையாகத் தேய்த்துத்தான் இந்தக் காரைக் கெடுத்திருக்கிறார். என் பேச்சை அந்த வீட்டில் அவ்வளவு மதித்திருக்கிறார்கள். அந்த மதிப்பு கிடைக்கவில்லையே என்றுதான் நான் எரிந்துகொண்டிருந்தேன்.

"அது பாஸ் இல்லக்கா" என்றேன். "பொறியும் இல்ல. அந்த நார்தான். அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லாம போனேன்."

தண்ணீர் குழாயிலிருந்து அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"ஏன் தம்பி?"

"எரிச்சல்தான்க்கா. வேற இன்னா."

அவர் குழாயை மூடினார். என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் காபி கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப்போனார். எங்கள் கம்பெனி வழக்கப்படி அது பாஸ். அந்தக் காபியை என்னால் தொட முடியவில்லை.

இன்னும் நான்கு நாள் வேலை செய்தேன். காற்றுப்பட்டுத் தகடு துருவைத் தடுக்கும் தன் தோலைத் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று தார்ப்பாய் போடாமல் விட்டோம். வெள்ளைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரைப் பார்த்த சகலை குழந்தை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சொன்னேன் இல்ல, இந்தாளு கை பொய் சொல்லாது" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். அக்கா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கார்த்திகையில் பெண் அழைப்பு நடந்தது. மேளம் முன்னால் போக, என் மகள் எவர்சில்வர் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து போனாள். தெருவே பார்த்தது. நான் பின்னால் நடந்துபோனேன். என் கண் அந்தப் பின்கதவை விட்டு நகரவில்லை. கை நின்ற இடத்தில் விழுந்த தழும்பை என்னால் முழுக்க எடுக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் விரல் நீளத்துக்குத் தெரியும், தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும். ஆனால் அன்று அது தெரியவே இல்லை. காருக்குப் பூ கட்டியவர் அக்கா. மற்ற எல்லா இடத்திலும் சரத்தைக் கண்ணாடியோடு நிறுத்தியிருந்தவர், அந்த ஒரு கதவில் மட்டும் ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டியிருந்தார்.

என் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. சகலை இப்போது பட்டறையைப் பெரிதாக்கப் பார்க்கிறார். கேள்விப்பட்ட அன்று எனக்குப் புளியேப்பம்தான் வந்தது. ஆனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். அக்கா அப்போது காரைக் கழுவிக்கொண்டிருந்தால், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். கையிலிருக்கும் துணியை விரித்துக் காட்டி, "இது சரியா தம்பி?" என்று கேட்பார். நான் வாயைத் திறந்து "சரிதான்க்கா" என்று சொல்கிறவரை அவர் கை காரைத் தொடுவதில்லை.